தரையில் செல்லும் படகு

நாட்டில் வெள்ளத்திற்கு உள்ளாகக்கூடிய நிலப்பரப்பு ஏறத்தாழ 4 கோடி ஹெக்டேர் எனத் தேசிய வெள்ள ஆணையம் 1980ஆம் ஆண்டில் மதிப்பிட்டது. இப்பரப்பு முழுவதும் ஒரே ஆண்டில் நீரில் மூழ்குவதில்லை. ஓர் ஆண்டில் ஓர் ஆற்றுப் படுகையிலும், மற்றோர் ஆண்டில் வேறொரு படுகையிலும் என வெள்ளம் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. படகுகளோ அவ்வாறு இடம் மாறுவதில்லை. அவை கடற்கரையிலும், ஆற்றுத் துறைகளிலும், மாவட்டத் தலைநகரங்களின் கிடங்குகளிலும் இருக்கின்றன. வெள்ளம் வந்த இடத்திற்கும் படகு இருக்கும் இடத்திற்கும் இடையே தரை இருக்கிறது. அத்தரையைப் படகு எவ்வாறு கடக்கிறது என்பது மீட்புப் பணியில் பெரிதும் கவனிக்கப்படாத ஒரு பகுதியாகும்.

2008 ஆகஸ்ட் 18ஆம் நாள் நேபாளத்தில் குசகா என்னுமிடத்தில் கோசி ஆற்றின் கரை உடைந்தது. ஆறு தன் பழைய தடங்களுள் ஒன்றைத் தேடிக்கொண்டு பீகாரின் சுபவுல், மாதேபுரா முதலிய மாவட்டங்களில் பாய்ந்தது. பல பத்தாண்டுகளாகக் கோசியின் வெள்ளத்தைக் காணாத ஊர்கள் அவை. அங்குள்ள குடும்பங்கள் படகு வைத்திருக்கக் காரணம் ஏதுமில்லை. தேவைப்பட்ட படகுகள் யாவும் வெளியிலிருந்து சாலை வழியாக வரவேண்டியதாயிற்று. அச்சாலைகளிலும் பல ஏற்கெனவே நீருக்கடியில் இருந்தன.

பத்து ஆண்டுகளுக்குப் பின் கேரளம் இதே பாடத்தை வேறொரு வகையில் கற்றது. 2018 ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 19 வரை அம்மாநிலத்தில் இயல்பாகப் பெய்யவேண்டிய மழை 1,649.5 மில்லிமீட்டர், பெய்ததோ 2,346.6 மில்லிமீட்டர். ஆகஸ்ட் நடுப்பகுதியில் சில நாட்களுக்குள் கொட்டிய மழையினால் பம்பை, பெரியாறு, சாலக்குடியாறு ஆகியவற்றின் கரையோர ஊர்கள் மூழ்கின. அப்போது கொல்லம், திருவனந்தபுரம் உள்ளிட்ட கடலோர மாவட்டங்களின் மீனவர்கள் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டிற்குப் புறப்பட்டனர். 669 படகுகளும் 4,537 மீனவர்களும் இப்பணியில் ஈடுபட்டு 65,000க்கும் மேற்பட்ட மக்களைக் காப்பாற்றினர் என்பது மாநில அரசு வெளியிட்ட கணக்கு. படகு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாய் வீதம் ஊக்கத்தொகையும், சேதமுற்ற படகுகளைப் பழுதுபார்க்கும் செலவும் வழங்கப்படும் என அரசு அறிவித்தது.

மீனவர்களின் வீரம் நாடெங்கும் பாராட்டப்பட்டது; அது தகுதியான பாராட்டே. எனினும் திட்டமிடுவோர் நோக்கில் அந்நிகழ்ச்சியில் கவனிக்கத்தக்கது மற்றொன்று உண்டு. கொல்லத்திலிருந்து செங்கன்னூர் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். கடலில் அலையைத் தாங்குவதற்காகக் கட்டப்பட்ட படகு, அந்த 60 கிலோமீட்டரையும் தான் பழகாத ஒரு பரப்பில், தனக்கென்று செய்யப்படாத ஒரு வண்டியில் கடந்தது. நீரில் மிதக்கும் படகைச் சுற்றிலுமுள்ள நீர் சீராகத் தாங்குகிறது. தரையில் அதே படகு நான்கைந்து இடங்களில் மட்டும் தாங்கப்படுகிறது. அந்த நான்கைந்து இடங்கள் சரியானவையாக இல்லாவிட்டால், மீட்புக்குச் சென்ற படகு மீட்கப்படவேண்டிய படகாகிவிடும்.

லாரியும் டிரெய்லரும்

படகைத் தரைவழியே கொண்டுசெல்ல மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, காற்றடைக்கும் ரப்பர்ப் படகு. தேசியப் பேரிடர் மீட்புப் படை 2006ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டதிலிருந்து பெரிதும் நம்பியிருப்பது இதனையே. காற்றை இறக்கிச் சுருட்டினால் ஒரு மூட்டையாகிவிடும். வண்டியில் ஏற்றிச் சென்று நீர்க்கரையில் காற்றடைத்துக்கொள்ளலாம். முள்வேலியும் உடைந்த தகரக் கூரையும் நிறைந்த ஊர்த்தெரு வெள்ளத்தில் அதன் தோல் கிழியக்கூடும் என்பது அதன் குறை. ஆகவே கண்ணாடி இழைப் படகுகளும் அலுமினியப் படகுகளும் தேவைப்படுகின்றன. இவற்றைச் சுருட்ட இயலாது.

இரண்டாவது வழி லாரி. லாரி எங்கும் கிடைக்கும். அதுவே அதன் சிறப்பு. ஆனால் அதன் தட்டு தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. படகை ஏற்றுவதற்கு ஒரு கிரேன் வேண்டும், அல்லது தோள்கொடுக்கப் பத்துப் பதினைந்து பேர் வேண்டும். புறப்படும் கடற்கரையில் அத்தனை தோள்களும் உண்டு. இறக்குமிடத்தில், மழையில், இடுப்பளவு நீரில், அவை இருக்குமென்று எதிர்பார்க்கலாகாது.

மூன்றாவது வழி, படகுக்கென்றே செய்யப்பட்ட டிரெய்லர். ஜீப்பின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லப்படும் இவ்வண்டி தாழ்வானது. பின்னோக்கிச் செலுத்திச் சக்கரங்களை நீரில் இறக்கினால் படகு தானாகவே மிதந்து வெளியேறும். இரண்டு பேர் போதும். மாவட்ட நிர்வாகங்களும் தீயணைப்புத் துறைகளும் மீட்புப் படகு வாங்கும்போது டிரெய்லரையும் சேர்த்து வாங்குவதற்கு இதுவே காரணம். ஆனால் லாரியில் ஏற்றிய படகுக்குப் பழைய டயர்களும் மணல் மூட்டைகளும் ஓரளவு மெத்தையாக அமைகின்றன. டிரெய்லரிலோ மெத்தை கிடையாது. உருளைகளும் தாங்கு கட்டைகளும் மட்டுமே உண்டு. படகு அவற்றின் மேல் எவ்வாறு அமர்கிறது என்பதே யாவற்றையும் தீர்மானிக்கிறது.

நேராக அமர்தல்

படகின் அடியில் முன்னிருந்து பின்வரை செல்லும் முதுகெலும்பு போன்ற பகுதியை மீனவர்கள் ஏரா என்பர். படகின் உடலில் மிக வலிவான பகுதி அதுவே. டிரெய்லரின் நடுவில் வரிசையாக உள்ள ரப்பர் உருளைகள் ஏராவைத் தாங்கவேண்டும். இருபுறமும் நீளவாட்டில் உள்ள, தடித்த துணி போர்த்திய கட்டைகள் படகு சாயாமல் பிடித்துக்கொள்ளவேண்டும். எடை நடுவில், சமநிலை பக்கங்களில் என்பது இந்த அமைப்பின் கருத்து. சில வகை டிரெய்லர்களில் பக்கக் கட்டைகளே எடையின் பெரும் பகுதியைத் தாங்குமாறு அமைக்கப்பட்டிருக்கும். எவ்வகையாயினும், கட்டைகள் எந்தப் படகின் அடிவடிவத்திற்கேற்ப நிறுவப்பட்டனவோ அந்தப் படகுக்கே அவை பொருந்தும். ஒரு கிடங்கிலுள்ள டிரெய்லரில் வேறொரு கிடங்கின் படகை வைத்து இழுத்தல், ஒருவருடைய செருப்பை மற்றொருவர் அணிந்து ஓடுவதைப் போன்றது.

படகு ஒருபுறமாக ஐந்து செண்டிமீட்டர் விலகி அமர்ந்தாலும் ஏரா உருளையை விட்டு நழுவுகிறது. அப்போது மெல்லிய அடித்தகடு உருளையின் விளிம்பின்மேல் அமர்கிறது. ஒவ்வொரு வேகத்தடையிலும் அவ்விளிம்பு அதே இடத்தில் இடிக்கிறது. கண்ணாடி இழைப் படகில் முதலில் மேற்பூச்சில் மயிரிழை போன்ற வெடிப்பு தோன்றும். வெளியிலிருந்து பார்த்தால் அழுக்குக் கோடு போலவே தெரியும். அதன் வழியே நீர் இழைகளுக்குள் புகுந்து, அடுக்குகளைப் பிரிக்கத் தொடங்குகிறது. அலுமினியப் படகாயின் ஆணி இணைப்புகளும் பற்றவைப்பு இணைப்புகளும் தளர்கின்றன. படகு அன்றே உடைவதில்லை. ஆகவே பழி சாலையின் மேல் விழுவதில்லை. பல மாதங்களுக்குப் பின் நீரின் மேல் விழுகிறது.

படகு நேராக இருக்கிறதா என்று காண்பதற்குக் கருவி ஏதும் வேண்டியதில்லை. பின்னால் நின்று பார்த்தால் ஏரா உருளைகளின் நடுக்கோட்டில் இருக்கிறதா என்பது தெரியும். படகின் இருபுற விளிம்புகளிலிருந்தும் அந்தந்தப் பக்கத்துச் சக்கர மூடி வரையுள்ள தொலைவை ஒரு கயிற்றால் அளந்து ஒப்பிடலாம். இவ்விரு சோதனைகளுக்கும் இரண்டு நிமிடம் ஆகும். டிரெய்லர் நிற்கும் தரை சாய்வாக இருந்தால் மட்டும் கண் ஏமாற்றும். ஆகவே சமதரையில் பார்ப்பது நல்லது.

நீளவாட்டிலும் ஓர் ஒழுங்கு உண்டு. இயந்திரம் பொருத்தப்படும் பின்பலகையே படகில் அதிகப் பளு தாங்கும் இடம். பக்கக் கட்டைகள் பின்பலகைக்கு நேர் கீழே வரை நீண்டிருக்கவேண்டும். கட்டைகள் அரை மீட்டர் முன்னதாகவே முடிந்து, பின்பலகையும் இயந்திரமும் ஆதாரமின்றி வெளியே தொங்கினால், நாளடைவில் படகின் அடி அவ்விடத்தில் வளைந்துவிடுகிறது. அவ்வாறு வளைந்த படகு நீரில் ஓடும்போது முகத்தை நீரில் புதைத்துக்கொண்டு ஓடும். ஓட்டுநர் இயந்திரத்தைக் குறைகூறுவார். கூடுதல் நீளமுள்ள படகை விலை மலிவாகக் கிடைத்த குட்டையான டிரெய்லரில் வைப்பதன் விளைவு இது. படகுக்கும் டிரெய்லருக்கும் தனித்தனியே ஒப்பந்தப்புள்ளி கோரப்படும் இடங்களில் இப்பொருத்தமின்மைக்கு வாய்ப்பு மிகுதி.

பத்து செண்டிமீட்டரின் கணக்கு

டிரெய்லரின் எடையில் ஒரு பகுதி இழுக்கும் வண்டியின் கொக்கியின்மேல் விழவேண்டும். படகு டிரெய்லருக்கு மொத்த எடையில் 5 முதல் 10 விழுக்காடு வரை என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. இது குறைந்தால் டிரெய்லர் நாயின் வாலைப்போல இடமும் வலமும் ஆடத் தொடங்கும். வேகம் கூடக்கூட ஆட்டமும் கூடும். இது மிகுந்தால் ஜீப்பின் பின்புறம் தாழ்ந்து, முன்சக்கரங்களின் பிடிப்புக் குறைந்து, திருப்புவது கடினமாகும்.

எடுத்துக்காட்டாக, 700 கிலோகிராம் எடையுள்ள படகும் இயந்திரமும் 300 கிலோகிராம் எடையுள்ள டிரெய்லரில் இருப்பதாகக் கொள்வோம். கொக்கிக்கும் அச்சுக்கும் இடையே மூன்றரை மீட்டர் இருக்கட்டும். புறப்படும்போது கொக்கியின்மேல் விழும் எடை 70 கிலோகிராம். அதாவது 7 விழுக்காடு. வழியில் கட்டுத் தளர்ந்து படகு 10 செண்டிமீட்டர் பின்னுக்கு நழுவுகிறது. 700 கிலோகிராமை 10 செண்டிமீட்டரால் பெருக்கி, 350 செண்டிமீட்டரால் வகுத்தால் 20 கிலோகிராம் வருகிறது. கொக்கியின்மேல் 50 கிலோகிராம் மட்டுமே எஞ்சுகிறது. 30 செண்டிமீட்டர் நழுவினால் எஞ்சுவது 10 கிலோகிராம். ஒரு முழத்திற்கும் குறைவான நகர்வு, அமைதியாக வந்துகொண்டிருந்த வண்டியை அடக்க இயலாததாக ஆக்கிவிடுகிறது.

இனி மழைநீரின் கணக்கு. 5 மீட்டர் நீளமும் சராசரியாக ஒன்றரை மீட்டர் அகலமும் உள்ள படகு திறந்த வெளியில் நிற்கிறது. ஒரே நாளில் 10 செண்டிமீட்டர் மழை பெய்கிறது. வடிகால் துளையின் அடைப்பான் மூடியிருந்தால் படகுக்குள் தேங்கும் நீர் ஏறத்தாழ 750 லிட்டர். எடை 750 கிலோகிராம். டிரெய்லர் தாங்கவேண்டிய பளு இரட்டிப்புக்கு மேல் ஆகிவிட்டது. அந்நீர் ஓரிடத்தில் நிற்பதுமில்லை. பிரேக் போடும்போது முன்னுக்கும், மேட்டில் ஏறும்போது பின்னுக்கும் ஓடுகிறது. படகு தேவைப்படும் நாள் எது? 10 செண்டிமீட்டர் மழை பெய்த நாள்தான். ஆகவே தரையில் நிற்கும்போதும் சாலையில் செல்லும்போதும் அடைப்பான் திறந்திருக்கவேண்டும். நீரில் இறங்குமுன் மூடப்படவேண்டும். திறந்ததை மூட மறந்து படகை நீரில் இறக்கி, அது நிறையத் தொடங்கிய பின் பதறுவது எங்கும் நடப்பதே. அடைப்பானை இயந்திரச் சாவியோடு ஒரே கயிற்றில் கட்டிவைக்கும் எளிய வழக்கம் இம்மறதிக்கு நல்ல மருந்து.

கட்டும் அதன் இலக்கணமும்

டிரெய்லரின் முன்புறத் தூணில் ஒரு வின்ச் உண்டு. கைப்பிடியைச் சுழற்றினால் அதன் பட்டை படகின் அணியத்திலுள்ள வளையத்தைப் பற்றி இழுத்து, படகை ரப்பர் முட்டு வரை கொண்டுவரும். வளையம் முட்டுக்குக் கீழே அமையவேண்டும்; அப்போதுதான் பிரேக் போடும்போது அணியம் மேலெழாது. பெரும்பாலோர் இத்துடன் படகு கட்டப்பட்டுவிட்டதாகக் கருதுகின்றனர். இது தவறு. வின்ச் படகை ஏற்றுவதற்கான கருவி. பயணம் முழுவதும் பிடித்துவைப்பதற்கான கட்டு வேறு. வின்ச்சின் பற்சக்கரத்தில் ஒரு பல் நழுவினால் பட்டை முழுவதும் தளர்ந்துவிடும். ஆகவே அணிய வளையத்திலிருந்து டிரெய்லரின் சட்டத்திற்குத் தனியாக ஒரு சங்கிலி கீழ்நோக்கிக் கட்டப்படவேண்டும்.

பின்புறம் இரண்டு கட்டுகள் வேண்டும். பின்பலகையின் இருபுற வளையங்களிலிருந்தும் டிரெய்லர்ச் சட்டத்திற்கு ஒவ்வொன்று. இவை குட்டையாகவும், படகைக் கீழ்நோக்கி இழுப்பனவாகவும் இருக்கவேண்டும். படகின் மேலாக ஒரே கயிற்றைக் குறுக்கே போட்டு இறுக்குவது பார்வைக்கு உறுதியாகத் தோன்றும். ஆயினும் அது முன்பின் நகர்வைத் தடுப்பதில்லை; விளிம்புகளை உள்நோக்கி நெரிக்கவும் செய்கிறது. இரண்டு கட்டுகளும் சமமாக இறுக்கப்படவேண்டும் என்பதும் முக்கியம். ஒன்று மட்டும் மிகுதியாக இறுகினால், நேராக அமர்ந்திருந்த படகை அக்கட்டே கோணலாக்கிவிடும்.

கட்டு எவ்வளவு வலிவுள்ளதாக இருக்கவேண்டும்? பளுக் கட்டுதல் பற்றிய ஐரோப்பியத் தரவிதிகள், திடீரெனப் பிரேக் போடும்போது சரக்கின் எடையில் பத்தில் எட்டுப் பங்கு விசை முன்னோக்கியும், திருப்பத்தில் பத்தில் ஐந்து பங்கு பக்கவாட்டிலும், அதே அளவு பின்னோக்கியும் செயற்படும் எனக் கொள்கின்றன. மேற்கூறிய 700 கிலோகிராம் படகுக்கு இவை முறையே 560, 350, 350 கிலோகிராம். குழிகள் நிறைந்த சாலையில் படகு மேலே எழும்பி விழுவது இக்கணக்கில் சேராது. நம் கிராமச் சாலைகளுக்கு அதனையும் கருத்தில் கொள்ளவேண்டும். ஒரு வேட்டிக் கொடி கட்டும் கயிறு இதற்குப் போதாது என்பது வெளிப்படை. எனினும் அத்தகைய கயிற்றால் கட்டப்பட்ட படகுகள் சாலையில் காணப்படாமல் இல்லை.

கயிற்றின் குணமும் அறியத்தக்கது. தேங்காய் நார்க்கயிறு நனைந்தால் சுருங்கி இறுகும், உலர்ந்தால் தளரும். நைலான் அதற்கு நேர்மாறு, நனைந்தால் நீளும். மழையில் நைலான் கயிற்றால் இறுகக் கட்டிய படகு பத்தாவது கிலோமீட்டரில் தளர்ந்திருப்பதன் காரணம் இதுவே. பாலியெஸ்டர்ப் பட்டை குறைவாகவே நீள்கிறது. பற்சக்கரப் பிடியுடன் கூடிய அப்பட்டையே இப்பணிக்கு ஏற்றது. ஆண்டு முழுவதும் வெயிலில் கிடந்தால் அதுவும் வலிவிழக்கும். எந்தக் கட்டாயினும், புறப்பட்ட சில கிலோமீட்டருக்குள் வண்டியை நிறுத்தி ஒருமுறை பார்க்கவேண்டும். முதல் சில குலுக்கல்களில் படகு தன் இருக்கையைக் கண்டுகொள்கிறது. கட்டு அவ்வளவுக்குத் தளர்கிறது.

இயந்திரத்தை மேலே தூக்கிவைத்துச் செல்லும்போது அதன் தூக்குக் கொளுவியை மட்டும் நம்புதல் கூடாது. இயந்திரத்தின் கீழ்ப்பகுதிக்கும் டிரெய்லருக்கும் இடையே ஒரு முட்டுக்கட்டை கொடுக்காவிட்டால், குலுக்கல் முழுவதும் பின்பலகையின் போல்ட்டுகளில் இறங்கும். எரிபொருள்கலம், துடுப்பு, நங்கூரம், மிதவைச் சட்டைகள் ஆகியவற்றையும் கட்டிவைத்தல் வேண்டும். ஜீப்பின் கொக்கிக்குக் கீழே இரண்டு காப்புச் சங்கிலிகள் குறுக்காக இடப்படவேண்டும். கொக்கி கழன்றால் டிரெய்லரின் மூக்கு தரையில் குத்தாமல் அச்சங்கிலிகளின் மேல் அமரும்.

சட்டத்தின் நிலையையும் சுருங்கச் சொல்லலாம். சாலையில் செல்லும் வண்டியின் அகலம் 2.6 மீட்டருக்கு மேற்படலாகாது. அனுமதித்த எல்லைக்கு வெளியே பளு நீட்டிக்கொண்டிருப்பதற்கு, 2019ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் 20,000 ரூபாய் தண்டம் விதிக்கிறது. உரிய அதிகாரி விலக்களிக்கவும் சட்டத்தில் இடமுண்டு. பெரிய மீன்பிடிப் படகுகளை லாரியில் ஏற்றினால் அவை தட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருப்பது தவிர்க்க இயலாதது. வெள்ளம் வந்த இரவில் விலக்கு ஆணையைத் தட்டச்சு செய்துகொண்டிராமல், முன்னதாகவே வகுத்து வைத்திருத்தல் மாவட்ட நிர்வாகத்திற்கு எளிது.

நீரின் விளிம்பில்

வெள்ளத்தில் படகுத்துறை என்று ஏதுமில்லை. நீருக்குள் மறையும் சாலையே இறங்குதுறையாகிறது. தார்ச்சாலையின் விளிம்பும், பக்கத்து வாய்க்காலும், பாலத்தின் கைப்பிடிச்சுவரும் கலங்கிய நீரில் தெரிவதில்லை. ஆகவே ஒருவர் கழியுடன் முன்னே நடந்து ஆழம் பார்த்த பிறகே டிரெய்லரைப் பின்னோக்கிச் செலுத்தவேண்டும். பின்கட்டுகளை நீர்விளிம்பில் அவிழ்க்கலாம். அணியத்தின் கட்டுகளைக் கடைசியில்தான் அவிழ்க்கவேண்டும். சாய்வில் நிற்கும் டிரெய்லரில் முதலிலேயே அவற்றை அவிழ்த்துவிட்டால் படகு நீரை எட்டுமுன் தார்ச்சாலையில் இறங்கிவிடும்.

திரும்ப ஏற்றும்போதுதான் படகு பெரும்பாலும் கோணலாக அமர்கிறது. ஆழமாக இறக்கினால் எளிதாக ஏறும் என்ற எண்ணத்தில் டிரெய்லர் முழுவதையும் மூழ்கச்செய்வது வழக்கமான பிழை. அப்போது படகின் பின்புறம் கட்டைகளைத் தொடாமல் மிதக்கிறது. நீரோட்டம் அதனை ஒருபுறம் தள்ளுகிறது. வண்டியை மேலே இழுக்கும்போது தள்ளிய நிலையிலேயே அது அமர்கிறது. கட்டைகளின் முன்பகுதி நீருக்கு மேல் தெரியுமளவு இறக்கினால் போதும். முதலில் அணியம் முட்டுக்குச் செல்லும். பின்புறம் மெல்ல மெல்லக் கட்டைகளில் படியும். டிரெய்லரின் பின்கோடியில் இருபுறமும் இரண்டு செங்குத்தான வழிகாட்டிக் கம்பங்களைப் பொருத்தினால், கலங்கிய நீரிலும் டிரெய்லர் எங்கே இருக்கிறது என்பது தெரியும். நீரோட்டமும் படகைத் தள்ள இயலாது. கோணலாக அமர்ந்த படகை நான்கு பேர் தோள்கொடுத்து நெம்பி நேராக்க முயல்வதைவிட, மீண்டும் நீரில் இறக்கி மிதக்கவிட்டு ஏற்றுவது விரைவானது, படகுக்கும் நல்லது.

ஓடிவந்த சூட்டோடு சக்கரங்களை நீரில் இறக்கினால், சக்கரக் குடத்தினுள் உள்ள காற்று திடீரெனக் குளிர்ந்து சுருங்கி நீரை உள்ளே உறிஞ்சுகிறது. பேரிங்கிலுள்ள கிரீஸ் நீரோடு கலந்து பயனற்றதாகிறது. வாரங்கள் கழித்து அங்கே துரு பிடிக்கிறது. நேரம் இருந்தால் சிறிது ஆறவிடலாம். வெள்ளத்தில் நேரம் இராது. ஆகவே திரும்பி வந்தபின் குடங்களைத் திறந்து கிரீஸை மாற்றியே ஆகவேண்டும். இந்த வேலை எவர் பொறுப்பு என்பது பல அலுவலகங்களில் எழுதிவைக்கப்படவில்லை. படகு பேரிடர்ப் பிரிவுக்கு உரியது. ஜீப் வேறு துறைக்கு உரியது. டிரெய்லர் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது.

பதினோரு மாதங்கள்

மீட்புப் படகு ஆண்டில் சில நாட்களே நீரில் இருக்கிறது. எஞ்சிய நாட்களை அது டிரெய்லரின் மேலேயே கழிக்கிறது. கோணலாக அமர்த்தப்பட்ட படகு பதினோரு மாதங்களும் கோணலாகவே அமர்ந்திருக்கும். ஓடாமலே அதன் அடி வளையும். ஒரே இடத்தில் நிற்கும் டயர் அடியில் தட்டையாகி, வெயிலில் வெடிக்கும். சட்டத்தின்கீழ் முட்டுக் கொடுத்துச் சக்கரங்களைத் தரையிலிருந்து சற்றே உயர்த்திவைத்தல், கட்டுகளைக் கழற்றி உள்ளே வைத்தல், அணியத்தைச் சிறிது உயர்த்தி மழைநீர் பின்வழியே வடியவிடுதல், உப்புநீரில் இறங்கிய டிரெய்லரை நன்னீரால் கழுவுதல் என்ற நான்கு செயல்களுக்கும் ஆகும் செலவு மிகச் சிறிது.

அச்சிறு செலவே கிடைப்பதரிது என்பதுதான் நிர்வாகத்தில் காணப்படும் முரண். 15ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான ஆண்டுகளுக்குப் பரிந்துரைத்த ஏற்பாட்டில், மாநிலங்களின் பேரிடர் நிதியில் 10 விழுக்காடு முன்தயாரிப்புக்கும் திறன் வளர்ப்புக்கும் என ஒதுக்கப்பட்டது. இத்தகைய ஒதுக்கீட்டில் படகு வாங்கலாம், டிரெய்லரும் வாங்கலாம். வாங்கிய ஆண்டில் அது சாதனைப் பட்டியலில் ஓர் எண்ணாக இடம்பெறும். அடுத்த ஆண்டு ஒரு ஜோடி டயருக்கும், இரண்டு பட்டைகளுக்கும், ஒரு டப்பா கிரீஸுக்கும் பணம் அலுவலகச் சில்லறைச் செலவினத்திலிருந்து வரவேண்டும். சிக்கன ஆணை வரும்போது முதலில் வெட்டப்படுவது அந்தச் செலவினமே. பல இலட்சம் ரூபாய் மூலதனத்தின் பயன், சில நூறு ரூபாய் பராமரிப்பில் தொங்குகிறது. பாசன வாய்க்கால்களிலும் கிராமக் குடிநீர் இயந்திரங்களிலும் காணப்படும் அதே நிலைதான் இது. வேறுபாடு ஒன்று: வாய்க்கால் பழுதானால் ஒரு பருவம் முழுவதும் அது கண்ணில் படும்; டிரெய்லரின் பழுது வெள்ளம் வந்த இரவில் மட்டுமே கண்ணில் படும்.

2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள், நிலையான சொத்துக்களை ஆண்டுக்கு ஒருமுறையேனும் நேரில் சரிபார்க்கவேண்டும் என்று கூறுகின்றன. மாநிலங்களிலும் இதனையொத்த விதிகள் உண்டு. சரிபார்க்கும் அலுவலர் கிடங்குக்குச் செல்கிறார். படகு 1, டிரெய்லர் 1, இயந்திரம் 1 என்பதைக் கண்டு கையொப்பமிடுகிறார். எண்ணிக்கை பொருந்துகிறது. சக்கரம் சுழலுகிறதா, ஏரா உருளைமேல் இருக்கிறதா என்ற கேள்விகளுக்குப் பதிவேட்டில் கட்டம் இல்லை.

அக்கட்டத்தைச் சேர்ப்பதற்குப் புதிய விதி தேவையில்லை. ஒரு மாவட்ட அலுவலரின் சுற்றறிக்கை போதும். தென்மேற்குப் பருவமழை பெறும் மாவட்டங்களில் மே மாதத்திலும், வடகிழக்குப் பருவமழையை எதிர்நோக்கும் ஆந்திர, தமிழ்நாட்டுக் கடலோரங்களில் செப்டம்பரிலும், படகைக் கட்டி, ஜீப்பில் பூட்டி, அருகிலுள்ள ஏரி வரை இழுத்துச் சென்று, நீரில் இறக்கி, ஏற்றி, திரும்பக் கொண்டுவருதல் வேண்டும். புறப்படுமாறு ஆணை பிறந்த நேரமும், படகு நீரைத் தொட்ட நேரமும், திரும்பி வந்தபோது இருபுற விளிம்பிலிருந்தும் சக்கர மூடி வரை அளந்த தொலைவும் பதிவேட்டில் எழுதப்படும். முதல் ஒத்திகையில் பெரும்பாலும் கொக்கியின் அளவு ஜீப்புக்குப் பொருந்தாது. அல்லது டயரில் காற்று இராது. மே மாதத்தில் அதற்கு ஒரு பிற்பகல் செலவாகும்.